ஒன்றை அழுத்தினால் பேசலாம்

'டிஜிட்டல் கதைசொல்லல்' என்றதும் இன்று படிக்கிற தம்பி தங்கைகளுக்குக் கேமராவும் எடிட்டிங் சாஃப்ட்வேரும்தான் ஞாபகத்துக்கு வரும். அதெல்லாம் இல்லாமலே, வெறும் பட்டன் போனை வைத்துக்கொண்டு காட்டோரத்து மக்கள் தங்கள் கதையை நாட்டுக்குச் சொன்ன வரலாறு ஒன்று உண்டு. ஒரு இன்ஜினியர் என்ற முறையில் அதை இந்த மலரில் எழுத எனக்கு ஆசை.

இடம் சத்தீஸ்கர். அங்குள்ள கோண்டு பழங்குடி மக்களின் மொழி கோண்டி. திராவிட மொழிதான், அந்த வகையில் நம் தமிழுக்குச் சொந்தம். 2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் கோண்டி பேசுவோர் ஏறக்குறைய 29 லட்சம் பேர். ஆனாலும் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அதற்கு இடமில்லை. ரேஷன் வரலை, கூலி வரலை என்று அவர்கள் சொன்னால் புரிந்துகொள்ளும் நிருபர்கள் மிகக் குறைவு. சமுதாய வானொலி வைக்கலாமே என்றால், அதில் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி கிடையாது.

இந்த நிலையில்தான், முன்பு பி.பி.சி.யில் பணியாற்றிய சுப்ரான்ஷு சவுத்ரி, கணினி ஆராய்ச்சியாளர் பில் தீஸ் போன்றோரின் துணையுடன் 2010-ல் 'சிஜிநெட் ஸ்வரா'வைத் தொடங்கினார். ரயில்வே விசாரணைக்குப் போன் செய்தால் 'ஒன்றை அழுத்தவும்' என்று ஒரு குரல் வருமே, அதே டெக்னிக்தான். ஒன்றை அழுத்தினால் நம் சேதியைப் பதிவு செய்யலாம். இரண்டை அழுத்தினால் மற்றவர்கள் சொன்னதைக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். வந்ததைச் சரிபார்த்த பிறகே வெளியிடுவார்கள்.

பேசியதோடு வேலை முடியவில்லை என்பதுதான் முக்கியம். கெட்டுப்போன அடிபம்பு, வராத ஆசிரியர், நூறு நாள் வேலையின் கூலி பாக்கி என்று எதைச் சொன்னாலும், சம்பந்தப்பட்ட அதிகாரியின் போன் நம்பரையும் சேர்த்தே சொல்வார்கள். எங்கோ நகரத்தில் அதைக் கேட்டவர்கள் அந்த அதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். பல இடங்களில் அப்படித்தான் காரியம் நடந்தது. 2014-ல் லண்டனைச் சேர்ந்த 'இன்டெக்ஸ் ஆன் சென்சர்ஷிப்' அமைப்பு சவுத்ரிக்கு டிஜிட்டல் பிரிவில் விருது வழங்கியது.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே! புராஜெக்ட் செய்யும்போது, 'புது டெக்னாலஜி எது?' என்று தேடுவதற்கு முன்னால், 'யார் கையில் என்ன இருக்கு?' என்று கேளுங்கள். நம் பழைய மாணவர்களில் அரசு அலுவலகங்களில் இருப்போரும் உண்டு. அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தாலும் தயவுசெய்து எடுங்க சார்!