ஸதக்கா ஜாரியாவும் முலாஞ்சே மலைத் தண்ணீரும்

தம் தாயார் மறைந்தபின் ஸஅத் இப்னு உபாதா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தர்மங்களில் சிறந்தது எது என்று வினவினார்கள். தண்ணீர் என விடை கிடைத்தது. அவர்கள் ஒரு கிணறு வெட்டித் தம் தாயாருக்காக அர்ப்பணித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இச்செய்தியை மனத்தில் கொண்டே, இன்றும் நம் குடும்பங்கள் பெற்றோர் பெயரால் ஆப்பிரிக்க நாடுகளில் கிணறு அமைக்கப் பணம் அனுப்புகின்றன. அவ்வாறு அனுப்பும் நாம் அறிய வேண்டிய வரலாறு ஒன்று அதே ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில் உண்டு.

1964இல் விடுதலை பெற்ற மலாவியின் தென்பகுதியில் முலாஞ்சே மலை சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. மலைமேல் வற்றாத ஓடைகள் இருந்தன. அடிவாரச் சமவெளியிலோ பெண்கள் தண்ணீருக்காக நெடுந்தொலைவு நடந்தனர். 1968இல் சொம்பா பகுதியில் உள்ள சிங்காலேயில் முதல் சோதனைத் திட்டம் தொடங்கியது. அதைத் தொடர்ந்து முலாஞ்சே அடிவாரத்தில் சாம்பே திட்டம் எழுந்தது. ராபர்ட்சன் என்ற பொறியாளர் இவற்றுக்கு வழிகாட்டினார்.

திட்டம் எளிமையானது. குடியிருப்புகளுக்கு மேலே, காட்டுக்குள் ஓடைநீரைத் தடுத்து எடுப்பர். வண்டல் தொட்டியில் தெளிந்த நீர், மண்ணில் புதைத்த குழாய் வழியே இறங்கி ஊர்ப் பொதுக் குழாயை அடையும். மோட்டாரும் எரிபொருளும் தேவையில்லை. மலைச் சரிவே நீரைக் கொண்டுவந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 லிட்டர் என்பது வடிவமைப்புக் கணக்கு.

அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் உள்ளிட்ட வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் இப்பணியில் பங்கேற்றனர். மட்டம் பார்ப்பதும், குழாய் செல்லும் வழியைக் குறிப்பதும், இணைப்பைக் கற்றுக்கொடுப்பதும் அவர்களைப் போன்ற களப்பணியாளர்களின் வேலை. வாய்க்காலைத் தோண்டியவர்கள் ஊர் மக்களே. முதலில் ஊர்த்தலைவர்களுடன் கூட்டம் நடந்தது. பின்னர்க் குழுக்கள் அமைந்தன. எந்த ஊர் எந்த நாளில் எந்தப் பகுதியைத் தோண்டுவது என்பதை அக்குழுக்களே முடிவு செய்தன. ஆண்களும் பெண்களும் மண்வெட்டியுடன் கூலியின்றி உழைத்தனர். வெளியூரார் அறிவைக் கொண்டுவந்தனர். அதிகாரம் ஊராரிடமே இருந்தது.

இம்முறை நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 5இல் மதீனாவைக் காக்க அகழ் தோண்டும் யோசனையை முன்வைத்தவர், பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரழி) அவர்கள். தோண்டும் பணியோ ஸஹாபாக்கள் அனைவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். அவர்களின் திருமேனியில் புழுதி படிந்திருந்ததை புகாரியின் ஹதீஸ் கூறுகிறது. யோசனை வெளியிலிருந்து வந்தாலும், தோண்டியவர்களுக்கு அந்த அகழ் தம்முடையதாகவே இருந்தது.

மலாவியிலும் அதுவே நிகழ்ந்தது. 1980களின் இறுதிக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தகைய திட்டங்களால் தண்ணீர் பெற்றனர். ஆயினும் வரலாறு அங்கே முடியவில்லை. பிந்திய ஆண்டுகளில் நீர்பிடிப்புக் காடுகள் வெட்டப்பட்டன, மக்கள்தொகை பெருகியது, குழாய்கள் பழையனவாயின. பழுது பார்க்கும் பணியாளரும் பணமும் குறைந்தன. பல குழுக்கள் செயலிழந்தன. விளைவாகப் பல குழாய்கள் வறண்டன. ஊரார் கைகளால் உருவானதைக் காப்பதற்கும் அக்கைகள் ஓயாமல் இயங்க வேண்டியிருந்தது.

'ஜாரியா' என்னும் அரபுச் சொல்லுக்கு ஓடிக்கொண்டிருப்பது என்று பொருள். ஒருமுறை ஓடி நின்றுபோன குழாய்க்கு அப்பெயர் முழுமையாகப் பொருந்துமா? எண்ணத்துக்கு அல்லாஹ் கூலி தருவான், அதில் ஐயமில்லை. எனினும் தாகித்தவருக்குத் தேவை நம் எண்ணமன்று, தண்ணீர். உஸ்மான் (ரழி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கியதோடு நில்லாமல், அனைவரும் பருகும்படி அதை அறமாக்கினார்கள்.

எனவே அடுத்த முறை நம் பெற்றோர் பெயரால் பணம் அனுப்புகையில், பெயர்ப் பலகையின் புகைப்படத்தைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்போம். இடத்தைத் தேர்ந்தவர்கள் அவ்வூராரா? பழுதானால் சரிசெய்யப் பயிற்சி பெற்றவர் அங்கு உண்டா? உதிரிபாகத்துக்கான பணம் எங்கிருந்து வரும்? புதிய கிணற்றுக்குத் தரும் தொகையில் ஒரு பகுதியை, நின்றுபோன பழைய கிணற்றை ஓடவைக்கத் தருவதும் தர்மமே.

நம் முன்னோர் பெயரால் வழங்கும் நீர் வற்றாது ஓட அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.