படியேறிய சிறுமி

1990 மார்ச் 12 அன்று, வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடப் படிகளில் எட்டு வயதுச் சிறுமி ஜெனிபர் கீலன், சக்கர நாற்காலியை விட்டிறங்கி ஊர்ந்தேறினாள். அவ்வாண்டு ஜூலை 26 அன்று அமெரிக்க உடற்பேறு குறைந்தோர் சட்டம் பிறந்தது. மாநிலப் பூங்காக்களும் அச்சட்டத்துள் அடங்கின.

ஆயினும், விளையாட்டிடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் அளவுகள் புதிய திடல்களுக்குக் கட்டாயமானது 2012 மார்ச் 15 அன்றுதான். சக்கரம் புதையாத உறுதியான தரை. உயரத்தில் அமைந்த விளையாட்டுக் கருவிகள் 20 அல்லது அதற்கு மேலிருப்பின் சாய்தளம்: இவை அவ்வளவுகளுள் சில. அதற்குள் படியேறிய சிறுமி முப்பது வயதை எட்டியிருந்தாள்.

குழந்தைப் பருவமோ காத்திராது. ஆசிரியப் பெருமக்களே, சட்டம் வருமுன் நம் பள்ளித் திடலின் படிகளை நாமே எண்ணிப் பார்ப்போமாக!