செயற்கைப் பெப்டைடும் காஸ்ட்ரின் விவாதமும் : ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: காஸ்ட்ரின், ஹிஸ்டமின், பெப்டைடுத் தொகுப்பு, பெண்டாகாஸ்ட்ரின், எட்கின்ஸ்

முன்னுரை

உடலில் ஒரு ஹார்மோன் உண்டு என்பதை நிறுவ, அதனைத் திசுவிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுத்தலே போதும் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. காஸ்ட்ரின் என்னும் இரைப்பை ஹார்மோனின் வரலாறு இக்கருத்துக்கு எளிதில் இடந்தரவில்லை. 1905-இல் பெயரிடப்பெற்ற இப்பொருளின் வேதிக் கட்டமைப்பு 1964-இல்தான் தெளிவாயிற்று. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் பெரும்பகுதி, அப்படியொரு பொருள் உண்டா என்னும் ஐயத்திலேயே கழிந்தது. அவ்வையம் எவ்வாறு எழுந்தது, அதனை நீக்குவதில் ஆய்வகத்தில் தொகுக்கப்பெற்ற பெப்டைடு ஆற்றிய பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எட்கின்ஸின் கருதுகோள்

1902-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸும் ஸ்டார்லிங்கும், நரம்புத் தொடர்பு துண்டிக்கப்பட்ட சிறுகுடற் பகுதியில் அமிலம் இட்டபோதும் கணையம் சுரப்பதைக் கண்டனர். குடலின் சீதச்சவ்வைச் சுரண்டி, அமிலத்துடன் அரைத்து வடிகட்டிய சாற்றைக் குருதியில் செலுத்தியபோதும் அதே விளைவு கிட்டியது. அப்பொருளுக்குச் செக்ரிட்டின் எனப் பெயரிட்டனர். ‘ஹார்மோன்’ என்னும் சொல்லை ஸ்டார்லிங் 1905-இல் வழக்கிற்குக் கொண்டுவந்தார்.

அதே ஆண்டில், இம்முறையை இரைப்பைக்குப் பொருத்திப் பார்த்தவர் ஜான் சிட்னி எட்கின்ஸ். இரைப்பையின் குடல்வாய்ப் பகுதியிலிருந்து எடுத்த சீதச்சவ்வுச் சாற்றை மயக்கமுற்ற பூனைகளின் சிரைக்குள் செலுத்தியபோது இரைப்பை அமிலம் சுரந்தது. இரைப்பையின் மேற்பகுதிச் சாறு அவ்வாறு செயற்படவில்லை. குடல்வாய்ப் பகுதியில் உருவாகும் ஒரு பொருள் குருதி வழிச் சென்று மேற்பகுதிச் சுரப்பிகளைத் தூண்டுகிறது என அவர் முடிவுசெய்து, அதற்குக் காஸ்ட்ரின் எனப் பெயரிட்டார்.

ஹிஸ்டமின் எழுப்பிய ஐயம்

இம்முடிவைத் தகர்த்தது மற்றொரு கண்டுபிடிப்பு. ஹிஸ்டமின் இரைப்பை அமிலத்தை வலுவாகத் தூண்டும் என்பதைப் போபீல்ஸ்கி 1920-இல் வெளியிட்டார். ஹிஸ்டமினோ பல்வேறு திசுக்களில் காணப்படுவது. குடல்வாய்ச் சீதச்சவ்வும் அதற்கு விலக்கன்று. எனவே எட்கின்ஸ் கண்டது ஹிஸ்டமினின் செயலே என்னும் எதிர்வாதம் வலுப்பெற்றது. எட்கின்ஸின் சோதனை பிழையானது என்று எவரும் காட்டவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. அவருடைய சாற்றில் வேறொன்றும் கலந்திருக்கலாம் என்பதே வாதம். சாறு எதுவாயினும் அதன் மீது இவ்வாதத்தைத் தொடுக்க இயலும்.

1938-இல் மாண்ட்ரியலில் கோமரோவ், ஹிஸ்டமின் நீக்கப்பட்ட புரதப் பகுதியைக் குடல்வாய்ச் சீதச்சவ்விலிருந்து பிரித்து, அதுவும் அமிலத்தைத் தூண்டுவதைக் காட்டினார். பத்தாண்டுகளுக்குப் பின் கிராஸ்மன், ராபர்ட்சன், ஐவி ஆகியோர் உடலியல் சோதனைகளின் வழியே ஹார்மோன் இயங்குமுறைக்குச் சான்றளித்தனர். எட்கின்ஸ் 1940-இல் மறைந்தார். தம் பொருளின் வேதி உருவத்தை அவர் அறியவில்லை.

தொகுப்பு வழிச் சான்று

லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கிரகரியும் டிரேசியும் பன்றியின் இரைப்பையிலிருந்து இரு காஸ்ட்ரின்களைப் பிரித்தெடுத்து 1964-இல் வெளியிட்டனர். இரண்டும் 17 அமினோ அமிலங்களால் ஆனவை. ஒன்றில் மட்டும் டைரோசினுடன் சல்பேட் இணைந்துள்ளது. எட்கின்ஸ் இட்ட பெயரையே அவர்கள் வைத்துக்கொண்டனர். அதே பல்கலைக்கழகத்தின் கரிம வேதியியலாளர் கென்னரின் குழு கட்டமைப்பைத் தீர்மானித்ததுடன், அவ்வாண்டே அம்மூலக்கூற்றைத் தொகுத்தும் காட்டியது.

இத்தொகுப்பின் முதன்மை மூலப்பொருள் மலிவாகக் கிடைப்பதில் இல்லை. விலங்குத் திசு சிறிதும் சேராத, தனி அமினோ அமிலங்களைக் கோத்து உருவாக்கிய பொருள் இரைப்பையைச் சுரக்கச் செய்தபோது, மாசு பற்றிய பழைய வாதத்திற்குப் பற்றுக்கோடு இல்லாமற்போயிற்று. பிரித்தெடுத்தல் ஐயத்தைக் குறைத்தது. தொகுத்தல் அதனை அகற்றியது.

எதிர்பாராத மற்றொரு முடிவும் கிட்டியது. மூலக்கூற்றின் இறுதியிலுள்ள டிரிப்டோபான், மெத்தியோனின், அஸ்பார்டிக் அமிலம், பினைல்அலனின் அமைடு என்னும் நான்கு அலகுகள் மட்டுமே, வீரியம் குறைந்தாலும், காஸ்ட்ரினின் செயல்கள் அனைத்தையும் காட்டின. ஐசிஐ நிறுவனத்தின் மார்லி இந்நான்கில் ஒவ்வொன்றையும் மாற்றி நூற்றுக்கணக்கான ஒப்புமைச் சேர்மங்களை ஆராய வழிவகுத்தார். ஏனைய இடங்களில் மாற்றத்திற்கு ஓரளவு இடமிருந்தது; அஸ்பார்டிக் அமிலத்தை மாற்றினாலோ, இறுதி அமைடை நீக்கினாலோ செயல் அற்றுப்போயிற்று.

இவ்வாய்வின் விளைபொருளே பெண்டாகாஸ்ட்ரின். பெயர் ஐந்து அலகுகளைச் சுட்டினும் அவற்றுள் நான்கே காஸ்ட்ரினுக்கு உரியவை. இயற்கையில் கிளைசின் உள்ள இடத்தில் இங்குப் பாதுகாப்புத் தொகுதி ஏற்ற பீட்டா அலனின் அமைந்துள்ளது. உடல் எடையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் அளவில் தோலடியில் செலுத்தி அமிலச் சுரப்பை அளக்கும் முறை மருத்துவமனைகளில் பரவியது. 1953-இல் கே அறிமுகப்படுத்திய ஹிஸ்டமின் சோதனையில் முன்கூட்டியே எதிர்ஹிஸ்டமின் மருந்தும் தர வேண்டியிருந்தது. அத்தேவை இதனால் நீங்கிற்று.

ஐயத்தின் மறுபக்கம்

ஹிஸ்டமின் தரப்பினர் முற்றும் தவறினர் எனக் கொள்வதும் பொருந்தாது. 1964-இல் லுண்ட் நகரில் கால்சன் குழுவினர், எலியின் இரைப்பையில் காஸ்ட்ரின் ஹிஸ்டமினை வெளியேறச் செய்வதைக் கண்டனர். 1972-இல் ஜேம்ஸ் பிளாக் குழுவினர் வெளியிட்ட புரிமமைடு, ஹிஸ்டமினின் H2 ஏற்பிகளைத் தடுக்கும் பொருள். அது ஹிஸ்டமின் தூண்டும் சுரப்பை மட்டுமன்றிப் பெண்டாகாஸ்ட்ரின் தூண்டும் சுரப்பையும் தடுத்தது. எட்கின்ஸின் ஹார்மோன் உண்மை; அது பெருமளவு ஹிஸ்டமின் வழியே செயற்படுவதும் உண்மை. தூய செயற்கைப் பொருள் கையில் இல்லாதிருந்தால் இவ்விரு கூற்றுகளையும் பிரித்துச் சோதித்திருத்தல் அரிது.

இதனிடையே, கோலிசிஸ்டோகைனின் என்னும் குடல் ஹார்மோனின் இறுதி ஐந்து அமினோ அமிலங்கள் காஸ்ட்ரினுடையவற்றை முற்றும் ஒத்திருப்பது தெரியவந்தது. 1975-இல் வாண்டர்ஹேகன் குழுவினர் காஸ்ட்ரின் போன்ற பொருளை மூளையிலும் கண்டனர். அது பெரும்பாலும் கோலிசிஸ்டோகைனினே எனப் பின்னர் அறியப்பட்டது. இறுதி நான்கலகுப் பெப்டைடை நலமானவர்களுக்குச் சிரைவழிச் செலுத்தினால் திடீர் பீதி தோன்றுவதை 1989-இல் டி மாண்டினி வெளியிட்டார். அதனால் இரைப்பை ஆய்வில் பிறந்த அப்பெப்டைடு மனப்பதற்ற ஆய்வுகளிலும் பயன்பட்டது; அது சிசிகே-4 என்னும் பெயராலும் அறியப்படுகிறது.