ஃபேக்டரி வேலை: மாதச் சம்பளமா, கரியரா? ஆஃபர் லெட்டரில் கையெழுத்து போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், பெங்களூரு அருகே தேவனஹள்ளி, புனே அருகே சாகன், குஜராத்தின் சானந்த், டெல்லியை ஒட்டிய நொய்டா. ஐடிஐ, டிப்ளமோ, பி.இ. முடித்த இளைஞர்கள் வேலைக்காகப் பையைத் தூக்கிக்கொண்டு போகும் ஊர்களின் பட்டியல் இது. செல்போன், கார், பேட்டரி, மின்னணு பாகங்கள் எனப் புதிய ஆலைகள் வருகின்றன.

ஆனால் ஒரே ஷாப் ஃப்ளோரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் சில வருஷங்களில் லைன் இன்ஜினியர் ஆகலாம். இன்னொருவர் கான்ட்ராக்டரை மட்டும் மாற்றிக்கொண்டு அதே மெஷின் முன்னால் நிற்கலாம். இந்த வித்தியாசம் எங்கே தொடங்குகிறது?

வேலை கூடியிருக்கிறதா?

கூடியிருக்கிறது. மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி (ஏஎஸ்ஐ), 2023-24ல் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் சுமார் 1.95 கோடி பேர் வேலை செய்தார்கள். முந்தைய ஆண்டைவிட இது கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிகம். 2014-15 முதலான பத்தாண்டில் சுமார் 57 லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். வேலைவாய்ப்பு எண்ணிக்கையில் தமிழ்நாடு, குஜராத், மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம், கர்நாடகா ஆகியவை முதல் ஐந்து மாநிலங்கள்.

ஆனா, முழுப் படம் இது இல்லை. சிறு பட்டறைகளையும் சேர்த்துப் பார்த்தாலும், நாட்டின் மொத்த வேலைவாய்ப்பில் உற்பத்தித் துறையின் பங்கு 2023-24ல் 11.4 சதவீதம்தான். 2014ல் 'மேக் இன் இந்தியா' தொடங்கியபோது, 2022க்குள் உள்நாட்டு உற்பத்தியில் இத்துறையின் பங்கை 25 சதவீதமாக்குவதே இலக்கு. அந்த இலக்கு எட்டப்படவில்லை.

அப்போ சிக்கல் எங்கே?

அதே ஏஎஸ்ஐ தரவில் இன்னொரு எண் இருக்கிறது. தொழிலாளர்களில் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களின் பங்கு 2000களின் தொடக்கத்தில் சுமார் 20 சதவீதம். 2023-24ல் அது சுமார் 42 சதவீதம். அதாவது ஐந்தில் ஒருவராக இருந்தவர்கள் இன்று ஐந்தில் இருவருக்கும் மேல். இது சூப்பர்வைசர், மேனேஜர்களைச் சேர்க்காமல் 'தொழிலாளர்' பிரிவை மட்டும் வைத்துச் சொல்லும் கணக்கு.

ஆலைக்குள் நுழைபவர் பொதுவாக இந்த நான்கில் ஒரு வகையில்தான் வருவார்:

• நிரந்தரம்: கம்பெனியே நேரடியாக எடுக்கிறது. இன்கிரிமென்ட், பிரமோஷன் எல்லாம் இதில்தான் தெளிவாக இருக்கும்.

• ஃபிக்ஸட் டேர்ம்: கம்பெனியின் நேரடி ஊழியர்தான். ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்தால் வேலையும் முடியும்.

• கான்ட்ராக்ட்: வேலை செய்வது ஆலையில், முதலாளி கான்ட்ராக்டர். சம்பளமும் பிஎஃப்பும் அவர் வழியாக வரும்.

• அப்ரண்டிஸ்: 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி இவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. கிடைப்பது சம்பளமல்ல, ஸ்டைபண்ட். 2019 விதிகளின்படி குறைந்தபட்சம் படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய். இதை 6,800 முதல் 12,300 வரை உயர்த்த 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் பரிந்துரைத்தது. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்பது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர, கட்டாயமில்லை.

புதிய தொழிலாளர் சட்டங்கள் எதை மாற்றின?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. இளைஞர்களுக்கு முக்கியமானவை மூன்று.

ஒன்று, எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். இரண்டு, ஃபிக்ஸட் டேர்ம் ஊழியர் ஓராண்டு வேலை பார்த்தாலே கிராஜுவிட்டி உண்டு. பழைய சட்டத்தில் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். மூன்று, ஆலையின் முதன்மையான பணிகளில் கான்ட்ராக்ட் தொழிலாளர்களை வைக்கக் கூடாது. ஆனால் இதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன. தவிர, கான்ட்ராக்ட் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான குறைந்தபட்ச எண்ணிக்கை 20லிருந்து 50 ஆக உயர்ந்துவிட்டது. சின்ன கான்ட்ராக்டர்கள் பலர் வரம்புக்கு வெளியே போய்விடுவார்கள் என்று தொழிற்சங்கங்கள் எதிர்ப்பது இதனால்தான்.

எந்த வேலையில் வளர்ச்சி இருக்கிறது?

ஒரு சிஎன்சி பிரிவை எடுத்துக்கொள்வோம். ஆபரேட்டர் ஜாப்பை ஏற்றி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, முடிந்ததும் இறக்கி அளவு பார்ப்பார். செட்டர் டூலை மாற்றி, ஆஃப்செட் கொடுத்து, முதல் ஜாப் சரியான அளவில் வரும்வரை மெஷினைத் தயார் செய்வார். புரோகிராமர் டிராயிங்கைப் பார்த்து மெஷினுக்கான புரோகிராமையே எழுதுவார். ஒரே மெஷினைச் சுற்றி மூன்று படிகள்.

செல்போன் ஆலையிலும் இதே கதைதான். சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்தும் எஸ்எம்டி லைனில், போர்டை ஏற்றி இறக்குபவரை மாற்ற அடுத்த வாரமே ஆள் கிடைக்கும். சால்டர் பேஸ்ட் ஏன் சரியாக விழவில்லை, ரீஃப்ளோ ஓவனில் எந்த ஸோனின் வெப்பநிலையை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிப்பவரை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. பிஎல்சி, ரோபோ, சென்சார் பராமரிப்பவர்களுக்கும், அளவியல், தரக் கட்டுப்பாடு தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

சுருக்கமாச் சொன்னா, மெஷின் ஓடும்போது தேவைப்படுபவரைவிட, அது நின்றுபோகும்போது தேவைப்படுபவருக்கு வளர்ச்சி அதிகம்.

படி ஏற என்ன வழி?

ஐடிஐ முடித்தவர்கள் மாநில விதிகளின்படி நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். மெஷினிலேயே நின்று கற்க டூல் ரூம்கள் நல்ல இடம். ஹைதராபாத்தின் மத்திய டூல் டிசைன் நிறுவனம், ஜாம்ஷெட்பூரின் இந்தோ-டேனிஷ் டூல் ரூம், கர்நாடக அரசின் ஜிடிடிசி, 1959ல் கேரளத்தின் நெட்டூரில் தொடங்கிய என்டிடிஎஃப் ஆகியவை உதாரணங்கள். 1,000 அரசு ஐடிஐகளை மேம்படுத்தும் 60,000 கோடி ரூபாய் திட்டத்துக்கும் 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

பெண்களுக்கு?

2019-20 ஏஎஸ்ஐ தரவின்படி நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான். தங்கும் இடம் இங்கே பெரிய கேள்வி. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது அதனால்தான். புதிய சட்டப்படி, இரவு ஷிஃப்ட்டுக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடுகள் நிர்வாகத்தின் பொறுப்பு.

கையெழுத்து போடும் முன் கேட்க வேண்டியவை

• கடிதத்தின் தலைப்பில் இருப்பது ஆலையின் பெயரா, கான்ட்ராக்டர் பெயரா?

• சொன்ன தொகை சிடிசியா, கைக்கு வருவதா? நிர்வாகம் கட்டும் பிஎஃப் பங்கையும் சிடிசியில் சேர்த்துக் காட்டுவது வழக்கம்.

• யுஏஎன் எண் எப்போது கிடைக்கும்? மாதா மாதம் பணம் ஏறுகிறதா என்று அதை வைத்து நீங்களே பார்க்கலாம்.

• எந்த மெஷின், எத்தனை மாதப் பயிற்சி, அடுத்த பதவிக்கு என்ன தகுதி?

• அசல் சான்றிதழைக் கேட்கிறார்களா? பாண்ட் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு தொகை, எத்தனை வருஷம்?

முதல் மாதச் சம்பளத்தில் ஆயிரம், இரண்டாயிரம் கூடக் குறைய இருக்கலாம். கான்ட்ராக்டர் கடிதத்தோடு சேர வேண்டிய நிலைமையும் பலருக்கு வரும். அப்படிச் சேர்ந்தாலும் நான்காவது கேள்விக்குப் பதில் வாங்காமல் சேராதீர்கள். இரண்டு வருஷம் கழித்து அடுத்த ஆலையின் இன்டர்வியூவில் கேட்கப்போவது, கடைசியாக வாங்கிய சம்பளத்தை மட்டுமல்ல, எந்த மெஷினைத் தனியாகக் கையாளத் தெரியும் என்பதையும்தான்.