விதை தந்தது சாதாரணப் பூதான்



மாடியில் வைத்த மார்னிங் குளோரி இன்று முதல் பூ விட்டது. விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நட்டது. காலையில் ஊதா நிறத்தில் விரிந்தது, மதியத்துக்குள் சுருங்கிவிட்டது. சர்க்கரைவள்ளிக் கொடியில் பூ பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் தெரிந்திருக்கும். இரண்டும் நெருங்கிய சொந்தம்.

இந்தப் பூவை ஜப்பான்காரர்கள் கொண்டாடிய அளவுக்கு வேறு யாரும் கொண்டாடியதில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்பே சீனாவிலிருந்து அங்கே போய்விட்டது. அழகுக்காக அல்ல, பேதி மருந்துக்காக! அவர்கள் வைத்த பெயர் 'அசகாவோ'. 'காலை முகம்' என்று பொருள்.

1806இல் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், பெரிய தீ விபத்து. எரிந்து காலியான இடங்களில் இந்தக் கொடியை வளர்க்கத் தொடங்கினார்கள். சொற்பச் சம்பளம் வாங்கிய சாமுராய்கள்கூட இதை வளர்த்து விற்றார்கள். 1850 வாக்கில் அது பெரும் மோகமாகிவிட்டது. கிழிந்த துணி போல ஒரு பூ, இறகு போல ஒரு பூ, அடுக்கடுக்காக ஒரு பூ. படம் வரைந்து புத்தகமே போட்டார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். அந்த அதிசயப் பூக்களில் பலவற்றுக்கு விதை பிடிக்காது. மகரந்தத்தாளும் சூலகமும் உருமாறிப்போனால் விதை எங்கிருந்து வரும்?

தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே காயிலிருந்து முளைத்த சாதாரணச் செடிகளைப் பிடுங்கி எறியவில்லை. ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனியாக எடுத்து மறுவருடம் விதைத்தார்கள். சில செடிகளின் விதையில் அதிசயப் பூ மறுபடி வந்தது. ஏறக்குறைய நாலில் ஒன்று. மெண்டல் தன் பட்டாணி ஆராய்ச்சியை அச்சிட்டது 1866இல். அதற்கு முன்பே, விதி தெரியாமலே, அனுபவத்தில் இவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த வகைகள் சில இன்றும் பிழைத்திருக்கின்றன; க்யூஷு பல்கலைக்கழகம் விதைகளைப் பாதுகாக்கிறது.

மெண்டல் பாடத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை கட்டம் போட்டு நடத்தியிருக்கிறேன். ஒடுங்கு பண்பு வெளியே தெரியாது, உள்ளே இருக்கும் என்று சொல்லிக்கொடுத்த நானே, கடைசி பெஞ்சில் இருந்த பிள்ளைகளை 'சுமார்' என்று ஒரே வார்த்தையில் எழுதி முடித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் உறுத்துகிறது.

ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு தொட்டியில் இந்தக் கொடியை வளர்த்து, தினமும் பார்த்து எழுதுகிறார்கள். அதில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தொட்டி உண்டு என்பதுதான் எனக்குப் பிடித்தது.

என் கொடி காய்த்ததும் விதை எடுத்து வைக்கிறேன். வேண்டுபவர்கள் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: விதையைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.