வடிகட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள்

1855 அக்டோபர் மாதக் கடைசி. பிரான்சின் திஜோன் நகர மருத்துவமனையில், 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதற்குள் ஆற்று மணலை நிரப்பிக்கொண்டிருந்தார் ஹென்றி டார்சி. அந்த ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் அவர். எத்தனை கனமான மணல் அடுக்கு, எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு தண்ணீரை விடும் என்று கணக்கிட அன்றைக்கு ஒரு விதியும் கிடையாது. வடிகட்டிக் குளம் வெட்டியவர்கள் எல்லாரும் குத்துமதிப்பாகத்தான் வெட்டினார்கள்.

டார்சி குழாயில் பாதரச அழுத்தமானிகளைப் பொருத்தினார். மருத்துவமனையில் யாராவது ஒரு குழாயைத் திறந்தாலோ மூடினாலோ பாதரசம் ஆடும். அந்த ஆட்டத்தோடு மல்லுக்கட்டித்தான் அவரும் அவருடைய உதவியாளர் ரித்தரும் அளவுகளைக் குறித்தார்கள். 1856இல் வெளிவந்த நூலின் பின்னிணைப்பில் முடிவு வந்தது: மணல் வழியே செல்லும் நீரின் அளவு, இரு முனைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டுக்கு நேர் விகிதத்திலும் மணல் அடுக்கின் கனத்துக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். நிலத்தடி நீர், எண்ணெய்க் கிணறு என்று எங்கெங்கோ பயன்படும் டார்சி விதி ஒரு வடிகட்டிக்குள் பிறந்தது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மூடிக் கிடக்கும் வடிகட்டியைத் திறக்காமலே, அதன் இரு புறமும் அழுத்தத்தைப் பார்த்து உள்ளே நடப்பதைச் சொல்லலாம் என்பதற்கு அங்கேதான் கணக்கு கிடைத்தது.

இது ஏன் பெரிய விஷயம்? வடிகட்டியில் உண்மையாக வடிகட்டுவது பெரும்பாலும் மணலோ துணியோ அல்ல, அதன்மேல் படியும் அழுக்குதான். லண்டன் செல்சியில் பொறியாளர் ஜேம்ஸ் சிம்சன் 1829இல் அமைத்த மணல் வடிகட்டிகள் நன்றாகவே வேலை செய்தன, ஆனால் ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நுண்ணுயிரியல் அப்போது பிறக்கவேயில்லை. மணலின் மேல்பரப்பில் படரும் மெல்லிய வழவழப்பான ஏடுதான் கிருமிகளைப் பிடிக்கிறது. அது உருவாகுமுன் தண்ணீரை விட்டால் கிருமி தப்பிவிடும். அளவுக்கு மீறித் தடித்தாலோ தண்ணீரே இறங்காது.

அந்த ஏட்டின் மதிப்பை ஐரோப்பா மிகக் கொடூரமாகக் கற்றுக்கொண்டது. 1892 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா வெடித்தது. சில வாரங்களில் 8,600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்ப் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமலே குழாயில் விட்டுக்கொண்டிருந்தது ஹாம்பர்க். அதை ஒட்டியே இருந்த அல்டோனா நகரமும் அதே ஆற்றைத்தான் நம்பியிருந்தது, அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகான கீழ்ப்பகுதியில். ஆனால் அங்கே மணல் வடிகட்டி இருந்தது. கொள்ளைநோய் நகர எல்லைக்கோட்டோடு நின்றதுபோல் தோன்றியதை நுண்ணுயிரியலாளர் ராபர்ட் காக் ஆராய்ந்து எழுதினார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் வடிகட்டி வாழ்க என்று போய்விடலாம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அல்டோனாவிலும் காலரா எட்டிப் பார்த்தது. காக் துருவிப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. கடும் உறைபனியில் சுத்தம் செய்யப்பட்ட வடிகட்டி ஒன்றின் மணல் உறைந்துபோய், பிறகு அது சரிவர வடிகட்டாமல் கிருமிகளை விட்டிருந்தது. மற்ற வடிகட்டிகளின் நல்ல தண்ணீரோடு அதன் நீரும் கலந்து ஊருக்குப் போனது. மொத்தத் தண்ணீரைச் சோதித்தால் போதாது, ஒவ்வொரு வடிகட்டியையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று காக் அடித்துச் சொன்னது இதனால்தான். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்துக்கு மேல் நீர் இறங்கக் கூடாது, ஒரு கன சென்டிமீட்டரில் 100 கிருமிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பவையும் அவர் வகுத்த வரம்புகள். வடிகட்டிக் கண்காணிப்பின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான திருப்பத்தைக் காட்டுவது கடினம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914இல் மணல் வடிகட்டிகள் வந்தபோது இந்தப் பாடங்கள் பல இடங்களில் நடைமுறையாகியிருந்தன.

ஆலைகளின் கதையும் இதேதான், தண்ணீருக்குப் பதில் புகை. சிமெண்ட் ஆலையின் பேக் ஃபில்டரில் நூற்றுக்கணக்கான துணிப் பைகள் இரும்பு அறைகளுக்குள் தொங்கும். பையின்மேல் படியும் தூசிப் படலம்தான் மெல்லிய தூசியைப் பிடிக்கிறது. படலம் தடித்தால் அழுத்த வேறுபாடு கூடும்; ‘டிபி ஏறுது’ என்பார்கள். உடனே அழுத்தக் காற்றை நொடிக்கும் குறைவான நேரம் பீய்ச்சிப் பையை உதறுவார்கள். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவான முறை இது. அடிக்கடி உதறினால் பை கிழியும், படலமும் முழுக்கப் போய்விடும். வெப்பம் கூடிப்போனால் பாலியஸ்டர் பை கருகும். புகையில் உள்ள நீராவி துளிர்க்கும் பனிநிலைக்குக் கீழே வெப்பம் இறங்கினாலோ ஈரம் கோத்து, தூசி சேறாகிப் பையை அடைத்துவிடும்.

ஆக, ஒவ்வொரு அறையிலும் அழுத்தமும் வெப்பமும் தெரிய வேண்டும். உணர்கருவி விலை பெரிய தடையாக இல்லை. பல மாடி உயர இரும்புக் கட்டுமானத்தில், தூசிக்கும் சூட்டுக்கும் நடுவே, ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுப்பதுதான் செலவு. அதனால் முழு வடிகட்டிக்கும் ஒரே ஒரு டிபி மீட்டரோடு பல ஆலைகள் காலம் தள்ளின. காக் எச்சரித்த அதே பிழை!

கம்பியை விலக்கும் வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1990களின் கடைசியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிரிஸ் பிஸ்டர், அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் நிதியோடு, தூசித் துகள் அளவில் உணர்கருவிகள் செய்யும் கனவைத் தொடங்கினார். 2002 கோடையில் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் உள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளுக்குள் பெர்க்லி ஆய்வாளர்கள் கம்பியில்லா உணர்கருவிகளை வைத்தார்கள். ஆள் போனால் பறவை கூட்டை விட்டுவிடும். தொந்தரவு செய்யாமல் உள்ளே பார்க்க வேண்டும். வடிகட்டிக்காரர்களின் தேவையும் அதுதானே!

2007இல் வெளியான வயர்லெஸ்ஹார்ட் என்ற தரநிலை இந்தத் தொழில்நுட்பத்தை ஆலைக்குள் கொண்டுவந்தது. 2010இல் அது சர்வதேசத் தரமானது. இரும்புச் சுவர் ரேடியோ அலையை மறிக்கும் என்பதால் ஆய்முனையை உள்ளேயும் ஆன்டெனாவை வெளியேயும் வைத்தார்கள். ஒரு கருவியின் பாதை அடைபட்டால் பக்கத்துக் கருவி வழியாகச் செய்தி போகும். இரைச்சலைச் சமாளிக்க அலைவரிசை மாறிக்கொண்டே இருக்கும். சில நொடிகளுக்கு ஒரு முறை விழித்துப் பேசிவிட்டு உறங்குவதால் ஒரு பேட்டரி பல ஆண்டு தாங்கும்.

இதன் பலன் பை கிழியும் நாளில் தெரிகிறது. முன்பெல்லாம் புகைபோக்கியில் தூசி தெரிந்தால், ஒளிரும் பொடியை உள்ளே ஊதி, பிறகு அறையை மூடி, புற ஊதா விளக்கோடு ஒருவர் பை பையாகத் தேடுவார். சூடும் தூசியும் நிறைந்த ஆபத்தான வேலை அது. இப்போது அறைக்கொரு தூசி உணர்கருவி இருந்தால், எந்த வரிசையை உதறும்போது தூசி குபீரென்று ஏறுகிறது என்று பார்த்து, அந்த வரிசையைக் குறித்துக்கொள்ளலாம். பையை மாற்ற இன்னமும் ஆள் இறங்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு வரிசைக்காக மட்டும் இறங்கினால் போதும்.