பழைய கெர்னலை விட்டுவைத்த பட்டியல்

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. 1962-இல் அதன் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. பின்னர் நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்தது. ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகும் அதை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்கு மாற்றாகத் திட்டமிட்ட புதிய நிலையம் தாமதமானதே காரணம். புதியதன் முதல் 500 மெகாவாட் அலகு 2019 டிசம்பரில் இயக்கத்துக்கு வந்தது. பழைய நிலையம் 2020 செப்டம்பர் இறுதியில் நின்றது. முதலில் புதியது ஓட வேண்டும், பிறகே பழையது நிற்க வேண்டும். மின்துறைக்கு இயல்பான இந்த ஒழுங்கு, லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலைப் புதுப்பிக்கும் வேலையில் நிலைபெற வெகுகாலம் பிடித்தது. மனிதர் கையால் செய்ததைக் கணினி தானே செய்யக் கற்ற கதையாகவே அந்த வரலாறு சொல்லப்படுகிறது. கணினி எழும்போது காட்டும் துவக்கப் பட்டியலில் புதிய கெர்னலைச் சேர்க்கக் கற்றதைவிட, பழையதை அதில் விட்டுவைக்கக் கற்றதே பெரிய ஆதாயம் என்பது என் வாதம்.

1990-களில் லினக்ஸ் கணினிகளை எழுப்பியது லிலோ என்ற துவக்கி. அதற்குக் கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியாது. கெர்னல் வட்டின் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்ற முகவரிகளை மட்டுமே குறித்து வைத்திருக்கும். பழைய பெயரிலேயே புதிய கெர்னலை வைத்தாலும் அது வேறு கட்டங்களில் போய் உட்காரும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் லிலோ கட்டளையை ஓட்டியாக வேண்டும். மறந்தால் அடுத்த முறை கணினி எழும் என்று நம்ப முடியாது. துவக்கியின் சொந்தக் கோப்புகள் இடம் மாறியிருந்தால், தன் ஆங்கிலப் பெயரின் நான்கு எழுத்துகளைக்கூட எழுதி முடிக்காமல் 'எல்ஐ' என்று திரையில் நின்றுவிடும். அனுபவப்பட்டவர்கள் பழைய கெர்னலுக்கென்று இன்னொரு பதிவைத் தாங்களே எழுதி வைத்தார்கள். அந்தப் பாதுகாப்பு எழுதத் தெரிந்தவருக்கு மட்டுமே கிடைத்தது.

கோப்பு முறைமையைத் தானே படிக்கும் கிரப் என்ற துவக்கி வந்தபின் நிலைமை மாறியது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இன்று கெர்னலைப் புதுப்பித்தால், அந்தத் தொகுப்பே ஒரு கோப்புறையில் உள்ள சிறு நிரல்களை எழுத்து வரிசைப்படி ஓட்டும். ஒரு நிரல், கெர்னல் எழும்போது தேவைப்படும் தொடக்க நினைவகப் படிமத்தை உருவாக்கும். பட்டியலைப் புதுப்பிக்கும் நிரலின் பெயர் இரண்டு 'இசட்' எழுத்துகளில் தொடங்கும். படிமம் தயாராகும் முன் பட்டியல் எழுதப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பெயர். அந்த நிரல் வட்டில் இருக்கும் எல்லாக் கெர்னல்களையும் தேடி, 'ஃபவுண்ட் லினக்ஸ் இமேஜ்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அறிவிக்கும். பழையதும் அந்த வரிசையில் வரும். ஃபெடோரா குடும்பம் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது: மூன்று கெர்னல்களை வைத்திருப்பது அங்கே இயல்புநிலை.

தமிழ்நாட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்து மாணவர் கையில் கொடுத்தது. பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கியது. ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. கடலூர் மாவட்டத்துப் பிளஸ் டூ மாணவியிடம் வட்டுக் கட்டங்களின் முகவரியைப் பற்றிப் பேசுவது நியாயமா? அவளுக்கு வேண்டியது, புதியது எழாவிட்டால் பழையதைத் தேர்ந்தெடுக்க ஒரு வரி.

தானியங்கி வந்ததால் அறியாமை வளர்ந்தது என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை: விண்டோஸை மறுபடி நிறுவும்போது அது வட்டின் முதல் கட்டத்தில் தன் துவக்கியை எழுதிவிட்டால், கிரப்பை மீட்க அந்தப் பழைய அறிவுதான் வேண்டும். ஆனால் அறிவைச் சொல்லிக்கொடுக்க வேறு வழிகள் உண்டு. கணினி எழாமல் போவதைப் பாடமாக வைக்க வேண்டியதில்லை. பழைய கெர்னலில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்குமே என்றால், பட்டியலில் இருப்பது ஓடுவது ஆகாது, ஓட்டினால்தான் ஆபத்து. வலுவான ஆட்சேபம் இடம் பற்றியது. துவக்கப் பகுதி சிறிதாக இருந்தால் நிறைந்துபோகும், புதிய படிமத்தை எழுத இடமிருக்காது; புதுப்பிப்பே பாதியில் நிற்கும். அதற்கான மருந்து எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒன்றை மட்டும் வைப்பது மருந்தாகாது.

அலுவலகத்திலோ பள்ளியிலோ லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பவர்கள் பழைய கெர்னல்களை நீக்க நிரல் எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள்: புதிய கெர்னலில் கணினி ஒருமுறையாவது முழுமையாக எழுந்த பிறகே, பழையதை நீக்கும் கட்டளை ஓடட்டும்.